சீனி போடாத சர்க்கரை ஆலை

"ஒரு தரி சீனி போடாம, ஒரு துண்டு கருப்பட்டியக் கண்ணுல காட்டாம, எனக்க பெண்டாட்டிக்க வயித்துக்குள்ள ஒரு சர்க்கரை ஆலைய ஓட்டிக் காட்டுகேன். பொகை வரும், சங்கு ஊதும், லாரி வந்து லோடு ஏத்தும். பாக்கணும்னு உள்ளவங்க வந்து பாக்கலாம்!"

சனிக்கிழமை காலையில், வாயிலிருந்த பிரஷ்ஷை எடுக்காமலே செல்வதாஸ் இப்படி அறிவித்தபோது, அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மருமகள் ஜாஸ்பின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமனாரின் ஒவ்வொரு அறிவிப்புக்கும் திரும்பிப் பார்த்திருந்தால், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதற்குள் அவள் கழுத்து திருகாணிபோலக் கழன்று கையில் வந்திருக்கும்.

செல்வதாஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். களியக்காவிளையில் ஒரு கதையை ஆரம்பித்தால் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில்தான் முடிப்பார். கதை முடியவில்லை என்று டிக்கெட்டை நீட்டி வாங்கிக்கொண்டு திரும்பவும் களியக்காவிளைக்கே போனவர்கள் உண்டு என்பது அவர் கட்சி. வட்டக்கோட்டை மதில்மேல் ஏறி நின்று ஒருமுறை விசிலடித்ததில், கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல் ஸ்டாப் வந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிட்டதாம். "எறங்க ஆளில்லன்னு நான் ரெண்டாவது விசில் அடிச்சப் பெறவுதான் எடுத்தான்" என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

அப்படிப்பட்டவர் சொல்கிற சர்க்கரை ஆலையை யார் நம்புவது?

ஆனால் ஜாஸ்பினுக்கு இன்று சிரிப்பு வரவில்லை. போன வாரம் இந்த வீட்டில் விழுந்த விரிசல் அப்படியேதான் கிடந்தது.

மாமியார் சத்தியபாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொண்டால் பழையபடி ஸ்கூட்டர் ஓட்டலாம். இப்போது ஸ்கூட்டர் பழைய திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் நிற்கிறது. சத்தியபாய் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் எங்கேயும் போகவேண்டும். அவர் வழியில் உள்ள ஒவ்வொரு டீக்கடையிலும் நிறுத்தி ஒரு கப்பலையாவது நிறுத்திவிட்டுத்தான் கிளம்புவார். சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அவள் போய்ச் சேரும்போது கூட்டம் முடிந்து கடைசி ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கண் டாக்டரோ, சுகர் இறங்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார். வருகிற திங்கட்கிழமையும் இறங்காவிட்டால் ஊசி போட்டு இறக்கிவிட்டு, அதன்பிறகு பார்க்கலாம் என்பது அவர் சொன்ன கடைசி வார்த்தை.

அப்படித் திரும்பி வந்த அன்றைக்குத்தான், அரிசிப் பானைக்குப் பின்னால் முந்திரிக்கொத்து டின் காலியாகக் கிடப்பதை ஜாஸ்பின் பார்த்தாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தந்தது. டின் நிறைய இருந்தது.

"மாமி, ஒண்ணோ ரெண்டோ தின்னிருந்தா சொல்லிருக்கலாமே" என்று மட்டும்தான் கேட்டாள்.

"நான் தின்னல்ல, மக்களே" என்றாள் சத்தியபாய்.

"செரி, மாமி."

அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து சத்தியபாய் மருமகளோடு, உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. வளைகுடாவிலிருந்து மகன் சிஜின் தினமும் போனில் வந்து, "அம்மா கள்ளம் திங்குதாளா?" என்று கேட்டபோது ஜாஸ்பின் மறுக்கவில்லை. எப்படி மறுப்பாள்? காலைச் சாப்பாட்டில் புட்டு இல்லை, மரச்சீனிக் கிழங்கு இல்லை, பழங்கஞ்சி இல்லை. சிஜின் பெட்டி பெட்டியாக அனுப்பும் கார்ன்ஃபிளேக்ஸ்தான். பெட்டியின்மேல் சிவப்பாக ஒரு இருதயப் படம். ஒரு பெண் ஓடுகிறாள். அதைத் தின்று சுகர் ஏறுகிறதென்றால் வேறெதையோ தின்கிறாள் என்றுதானே அர்த்தம்?

இந்த ஊரில் அதற்கு அர்த்தம் வேறு ஒன்றுகூட இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் செல்வதாஸ்தான்.

"அந்தச் சருகுதான் கள்ளன்" என்றார் இப்போது அடுக்களை வாசலில் வந்து நின்று. கார்ன்ஃபிளேக்ஸுக்கு அவர் வைத்த பெயர் சருகு.

"மாமா, அதுல இனிப்பே கெடையாது. நானே வாயில போட்டுப் பாத்திருக்கேன்."

"நாக்குக்குத் தெரியாத இனிப்பாக்கும் அது."

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. சத்தியபாய் திங்கல்லன்னு சொல்லுதா. அவ மூஞ்சியில பொய் நிக்காது, நழுவி விழுந்துரும். பொய்யப் பத்தி எனக்குத் தெரியாதா, மக்களே? நான் அதுல வாழ்ந்தவன்." தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். "அவ சொல்லுதது உள்ளதுன்னா, பொய் சொல்லுதது சருகு. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

ஜாஸ்பின் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். இந்த மனிதர் கப்பலை நிறுத்தட்டும், வேண்டுமானால் அருவியைக்கூட மேலே ஏற்றட்டும். ஆனால் அவர் வைத்த இந்தக் கணக்கில் எங்கே பிசகு என்று அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, சொல்லத் தெரியாத பிசகு கண்ணில் விழுந்த தூசி மாதிரி.

"செரி மாமா. பாத்துருவோம். எனக்கு இண்ணைக்கு லீவு. மாமிய விட்டு ஒரு அடி நகர மாட்டேன்."

*

சத்தியபாய் விரலை நீட்டினாளே தவிர மருமகளைப் பார்க்கவில்லை. சுகர் மிஷினில் வெறும் வயிற்றுக்கு நூற்று நாற்பத்தியொன்று காட்டியது.

"கொள்ளாம்" என்றார் செல்வதாஸ். "ஆலை இன்னும் தொறக்கல்ல. தொழிலாளி எல்லாம் கேட்டுக்கு வெளிய நிக்கான்."

ஜாஸ்பின் வழக்கம்போலக் கிண்ணத்தை எடுத்தாள். வீட்டில் விருந்தாளிகளுக்கு மீன்கறி விளம்புகிற பெரிய கிண்ணம். அது நிறையக் கார்ன்ஃபிளேக்ஸ் கொட்டினாள். மேலே சூடான பால். ஒரு மட்டிப்பழம் நறுக்கிப் போட்டாள். மாமியாருக்கு விளம்பும்போது கை குறுகினால் அந்தக் கைக்கு இந்த ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்பது அவளுக்கு அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்த பாடம். போதாததற்கு இது சுகர்காரர்களுக்கான சாப்பாடு, மருந்து மாதிரி. மருந்தில் என்ன கஞ்சத்தனம்?

சத்தியபாய் பேசாமல் தின்றாள். சருகு தீர்ந்து கிண்ணத்தின் அடியில் பால் நின்றது. ஜாஸ்பின் தன்னையறியாமல் பெட்டியைச் சரித்து இன்னும் கொஞ்சம் கொட்டினாள். இப்போது பால் தீர்ந்து சருகு நின்றது. கொஞ்சம் பால் ஊற்றினாள்.

"இந்தப் பாலும் சருகும் ஒண்ணா ஒருநாளும் தீராது" என்றார் செல்வதாஸ். "இது ரெண்டும் வழக்கு போட்டா ஹைகோர்ட்டு மட்டும் போவும்."

"நீங்க சும்மா கெடங்க" என்றாள் சத்தியபாய். அன்றைக்கு அவள் சொன்ன முதல் வாக்கியம் அது.

*

காவல் தொடங்கியது. மாமியார் முற்றத்துக்குப் போனால் மருமகளும் போனாள். குளியலறைக்குப் போனால் வெளியே நின்றாள். செல்வதாஸ் மார்க்கெட்டுக்குப் போய் நெத்தோலி வாங்கி வந்து போட, இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு சட்டியில் மீன் ஆய்ந்தார்கள். சத்தியபாய்க்குக் கண் தெரியாது, விரல் தெரியும். தலையைக் கிள்ளி, குடலை உருவி, சட்டியில் போடுவதில் மருமகளைவிட வேகம்.

பூனை ஒன்று வந்து உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குக்கூடப் பேச்சில்லாதது பிடிக்கவில்லை போலிருந்தது.

"மாமி, வெள்ளம் வேணுமா?"

"வேண்டாம். வெள்ளத்துல சீனி கலக்கிக் குடிச்சேன்னு பெறவு வரும்."

ஜாஸ்பினின் கையிலிருந்த நெத்தோலி நழுவிச் சட்டிக்கு வெளியே விழுந்தது. பூனைக்கு லாபம்.

பிறகு சத்தியபாயே சொன்னாள், மீனைப் பார்த்துக்கொண்டே: "நீ என்னைத் திட்டிருந்தாகூட எனக்கு வெப்ராளம் இல்ல. 'இல்ல மாமி, நீங்க தின்னிய, நான் கண்டேன்'ன்னு சண்டைக்கு வந்திருந்தா நானும் ரெண்டு சொல்லிருப்பேன். நீ செரின்னு சொன்னே. அதுல ஒரு கதவ அடைச்ச மாதிரி இருந்துது."

"மாமி..."

"எனக்கு அந்தச் சாதனம் பிடிக்கவே இல்ல, தெரியுமா? வாயில வச்சா அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு. நீ ஸ்கூலுக்குப் போற அவசரத்துலயும் எனக்குன்னு பால் காய்ச்சி, பழம் நறுக்கி, கிண்ணம் நெறயப் போட்டுத் தருதியே. மிச்சம் வச்சா உனக்க மொகம் வாடிப்போவும். அதுக்காக்கும் மூக்குமுட்டத் திங்குதது."

கிண்ணம் நிறையத் தந்தது ஜாஸ்பினின் அன்பு. காலியாக்கித் திருப்பித் தந்தது மாமியாரின் அன்பு. இரண்டு அன்புக்கும் நடுவில் எவ்வளவு சருகு உள்ளே போயிற்று என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு லேசாகப் பயம் வந்தது. மிஷினில் என்ன காட்டப்போகிறது என்பதைவிட, காட்டியபின் என்ன செய்யப்போகிறோம் என்ற பயம்.

*

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, துடைத்து, ஜாஸ்பின் மாமியாரின் விரலில் குத்தினாள். துளி ரத்தம் பட்டையில் ஏறியது. செல்வதாஸ் பழைய விசிலை எங்கிருந்தோ தேடியெடுத்து வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு.

விசில் அலறியதில் பூனை மதிலேறிப் போயிற்று. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து இரண்டு தேங்காய் விழுந்தது என்று செல்வதாஸ் இப்போதும் சொல்கிறார்.

"நில்லுங்க மாமா" என்றாள் ஜாஸ்பின். "விரல்ல பழம் ஒட்டிருந்தாலும் கூடக் காட்டும். இன்னும் ஒருக்கா கழுவுங்க, மாமி. மத்தக் கை தாங்க."

கழுவினாள். மற்றக் கை. இன்னொரு பட்டை. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"மூணு சர்க்கரை குறஞ்சிருக்கு" என்றார் செல்வதாஸ். "அது சோப்புல போயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சத்தியபாய் மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, "எவ்வளவு, மக்களே? கூடுதலா?" என்று கேட்டாள். குரலில் வெற்றி இல்லை. தன்னை நிரூபித்துவிட்டோம் என்பதைவிட, உடம்பு இப்படிச் செய்கிறதே என்ற கலக்கம்தான் இருந்தது.

ஜாஸ்பின் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். பக்கவாட்டில் பொடி எழுத்து. அவள் அதைப் பலமுறை படித்திருக்கிறாள். ஆனால் படித்தது சீனி என்ற வரியை மட்டும். நூறு கிராமில் எட்டு. குறைவுதான் என்று ஒவ்வொரு தடவையும் நிம்மதியாகப் பெட்டியை வைத்துவிடுவாள். அதற்கு மேல் இருந்த வரியை இன்றைக்குத்தான் விரல் வைத்துப் படித்தாள். மாவுச்சத்து, எண்பத்து நாலு.

"மாவு எல்லாம் உள்ள போனா சர்க்கரையாத்தான் மாறும்" என்றாள் மெல்ல. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கி, வீட்டுக்கு வரும் வழியில் எங்கேயோ விட்டுவிட்ட பாடம். "இதுல உமியும் இல்ல, நாரும் இல்ல. வேவிச்சு, தட்டி, மொரிச்சு வச்சிருக்கு. போன உடனே கரையும்."

"அதாவது" என்றார் செல்வதாஸ், கண்டக்டர் குரலில், "மத்தச் சாப்பாடு டவுன் பஸ். அழகியமண்டபம் எறங்கு, தக்கல எறங்கு, வில்லுக்குறி எறங்குன்னு ஒவ்வொருத்தனா எறங்குவான். இது எங்கயும் நிக்காத வண்டி. மொத்தக் கூட்டமும் ஸ்டாண்டுல ஒரே வாசல்ல சாடுது. இவளுக்க வாசலு ஏற்கெனவே துருப்பிடிச்ச வாசலு."

"துருப்பிடிச்சது ஒங்க நாக்கு" என்றாள் சத்தியபாய்.

"உள்ளத சொன்னேன்."

ஜாஸ்பின் இன்னொரு வரியைக் காட்டினாள். ஒரு வேளைக்கு முப்பது கிராம் என்று போட்டிருந்தது. அடுக்களைத் தராசில் அளந்து ஒரு சின்னத் தட்டில் கொட்டினாள். ஒரு கைப்பிடி. பிறகு அந்த மீன்கறிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தட்டில் கிடந்த கைப்பிடிச் சருகு, கல்யாணப் பந்தலில் தொலைந்துபோன பிள்ளைமாதிரி இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் சத்தியபாய், விரலால் தடவி. "இத ஒரு மனுசிக்கு எப்பிடி விளம்புவே?"

"அதாக்கும் மாமி நான் செஞ்ச தப்பு. கண்ணுக்கு விளம்பினேன்."

"அப்ப நாளைக்குப் புட்டு!" என்று துள்ளினார் செல்வதாஸ். இந்தப் போராட்டத்தின் நடுவில் அவருக்குச் சொந்த லட்சியம் ஒன்று இருந்ததை இந்த இடத்தில் மறைக்க முடியவில்லை.

"புட்டையும் குத்துக்குத்தாத் தின்னா ஏறும்" என்றாள் சத்தியபாய். "அரை முறி புட்டு, பயறு கூடுதல், தொட்டுக்க முருங்கயெல. என்ன மக்களே?"

"திங்கக்கெழம டாக்டர்கிட்டயே கேட்டுருவோம் மாமி. இண்ணைக்கு நடந்தத அப்பிடியே சொல்லுவோம். மாத்திரைய நாமளா மாத்தண்டாம்."

நாம் என்று சொன்னதை சத்தியபாய் கவனித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டில் அந்தச் சொல் கேட்டது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மருமகளின் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

பட்டைகளை டப்பாவில் அடுக்கும்போது ஜாஸ்பினுக்கு ஒரு யோசனை வந்தது.

"மாமா, ஒங்களுக்கும் ஒருக்கா குத்திப் பாப்பமா? மிச்சம் பட்ட இருக்கு."

செல்வதாஸின் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. இடது கையும் அதைத் தேடிக்கொண்டு போயிற்று.

"எனக்கெதுக்கு? எனக்க ரெத்தம் எளனி மாதிரி. குத்தினா வழுக்கதான் வரும்."

"ஒரு சொட்டு போதும், மாமா."

"பெறவு பாப்போம், பெறவு பாப்போம். மீன் வெயிலுல கெடக்கு..."

ஊரையே பார்க்க வரச் சொல்லிச் சர்க்கரை ஆலை ஓட்டிய மனிதர், ஒரு குண்டூசிக்கு இப்படிப் பின்வாங்குவதை ஜாஸ்பின் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமி தின்னவில்லை என்றால் அந்த டின்னைக் காலி செய்தது யார் என்ற கேள்வி, அப்போதுதான் மெதுவாக எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றது. அவள் மாமியாரைப் பார்த்தாள். சத்தியபாய் ஒன்றுமே தெரியாதவள்போல நெத்தோலிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தெரியும் போலிருந்தது. எப்போதோ தெரியும் போலிருந்தது.

ஜாஸ்பின் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. சிஜின்.

செல்வதாஸ் பாய்ந்து எடுத்தார். தப்பித்த ஆளின் வேகம் அது.

"மக்கா, சிஜினே! நீ பாக்காமப் போயிட்டியே! நாலு வாய் சருகு தின்னா உனக்க அம்மா, மிஷினு அறுநூறு காட்டிச்சு. அறுநூறு! பெறவு நம்பர் தீந்துபோச்சு, எழுத்து வந்துது. பொகை வந்துது. பேட்டரி உருகி மேசையில ஒழுகிச்சு. நான் விசிலடிச்சு நிறுத்தல்லன்னா வீடு கெடக்காது!"

"அப்பா, நீங்க ஆரம்பிச்சாச்சா?" சிஜின் சிரித்தான். "அது ஓட்ஸ் மாதிரி சாதனம். அதுல என்ன ஏறும்? அம்மா பெறவும் முந்திரிக்கொத்து தின்னிருப்பா. இஞ்ச நம்ம ஊர்க்காரன் லீவுல வாறான், இன்னும் ரெண்டு பெட்டி குடுத்து விடுகேன். போன ஜாஸ்பின்கிட்ட குடுங்க."

போன் கை மாறியது.

"ஜாஸ்பின், அப்பா சொல்லுததுல ஏதாவது உள்ளதா?"

அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றது. சத்தியபாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். செல்வதாஸ் விசிலை உருட்டிக்கொண்டு நின்றார். ஜாஸ்பின் மேசையில் கிடந்த பெரிய கிண்ணத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அந்த ஒரு கைப்பிடியைப் பார்த்தாள்.

"பெட்டி குடுத்து விடாதிய" என்றாள். "மிஷினு உருகல்ல. பொகையும் வரல்ல. அறுநூறும் இல்ல."

"அதான பாத்தேன்."

"நில்லுங்க, சொல்லி முடிக்கல்ல." குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள், அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி. "பாக்கி எல்லாம் உள்ளதாக்கும். நான் பக்கத்துல இருந்து, ரெண்டு விரலுலயும் குத்திப் பாத்தேன். மாமி ஒரு தரி சீனி தொடல்ல. போன வாரமும் தொடல்ல. மாமா சொன்ன ஆலை இந்த வீட்டுல ஓடிச்சு. அதுக்குக் கரும்பு அள்ளிப் போட்டது நான்."